தெரியாதவர் அட்டை

எங்கள் கூட்டத்துக்கு மேடை கிடையாது. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், பூங்கொத்து எதுவும் கிடையாது. நுழைவுக் கட்டணமும் இல்லை. காலையில் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு வைப்போம். மேலே அறைகள், பக்கவாட்டில் நேரம், நடுவே எல்லாம் காலி. வருகிறவர்கள் ஓர் அட்டையில் தலைப்பை எழுதிப் பிடித்த கட்டத்தில் ஒட்டுவார்கள். ஒட்டியவர் அந்த நேரத்தில் அந்த அறையை நடத்துவார். பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இதற்குக் கால் விதி என்று பெயர். மொத்தத்துக்கும் அன்கான்ஃபரன்ஸ் என்று பெயர்.

"காசும் வாங்க மாட்டீங்க, யாரு பேசுவாங்கன்னும் தெரியாது, என்ன பேசுவாங்கன்னும் தெரியாது. இதுக்கு லீவு நாள்ல காலங்காத்தால கெளம்பணுமா? உனக்குப் படிப்பு ஏறினதும் புத்தி எறங்கிடுச்சுடீ" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். காசு கட்டிப் போன மாநாடுகளில் நான் வாயே திறந்ததில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அங்கே கேள்வி கேட்பவர்களும் விடை தெரிந்தவர்கள்தான். மைக்கைப் பிடித்துத் தங்கள் பெருமையை அவிழ்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். எனக்கு உண்மையாகவே புரியாத விஷயங்கள் இருந்தன. அவற்றை அங்கே கேட்டால் மானம் போகும்.

பசை அண்ணன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். எங்கள் கூட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். அட்டை ஒட்ட எப்போதும் பையில் டேப்பும் பசையும் வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர். "பேர்லதான் பசை, பர்ஸ்ல இல்ல" என்று அவரே சொல்லிக்கொள்வார். பலகைக்குப் பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் ஒரு தாளை மாட்டுவார்: 'தெரிந்தவர் சொல்லலாம். தெரியாதவர் கேட்கலாம். இரண்டுக்கும் ஒரே அட்டை.' அதாவது, ஒன்றுமே தெரியாதவரும் கேள்வியை மட்டும் எழுதி ஒட்டலாம். விடை தெரிந்தவர்கள் அந்த அறைக்கு வருவார்கள். நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பலர் முன்னால் பேசியது அப்படி ஒரு கேள்வி அட்டையால்தான்.

போன மழைக்காலத்தில், விடிவதற்கு முன்னால், சர்வர் விழுந்தால் தானாக அழைக்கும் அலுவலக அபாய மணி அவர் போனில் அடித்திருக்கிறது. மழையில் வீட்டு நெட் போயிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பியவர் பாலத்து இறக்கத்தில் லாரிக்கு அடியில் போய்விட்டார். 'கடைசி மூச்சு வரை கடமை' என்று படத்தோடு இணையத்தில் போட்டது நிறுவனம். அதற்கு எத்தனை பேர் கைகூப்பும் பொம்மையை அனுப்பினார்கள் தெரியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் இல்லாத முதல் கூட்டத்தை நான் நடத்தினேன். ஒரு கல்லூரியின் மேல்மாடியை விடுமுறை நாளில் இலவசமாகக் கொடுத்தார்கள். செய்தி தெரிந்ததும் அவருடைய மேலாளர் போன் செய்தார். வாசலில் பேனர் வைத்துக்கொள்கிறோம், தொடக்கத்தில் ஓர் அஞ்சலி உரை நிகழ்த்துகிறேன் என்றார்.

"தொடக்க உரைன்னு ஒண்ணு எங்ககிட்ட இல்ல சார். வேணும்னா அட்டை ஒட்டுங்க. எல்லாருக்கும் அதே அட்டைதான்" என்றேன். மூக்கை உடைத்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் உண்மையிலேயே வந்து ஒட்டினார். அச்சடித்த அட்டை, நிறுவனத்தின் சின்னத்தோடு: 'கடமை வீரருக்கு எங்கள் அஞ்சலி'. பெரிய கூடம், தேநீருக்குப் பிந்தைய நேரம். பின்னாலேயே ஒரே மாதிரி டிஷர்ட் போட்ட அவருடைய ஆட்கள். நான் சொன்ன விதி என் கையையே கட்டிவிட்டது. ஒட்டியவரைத் தவிர யாரும் அட்டையைக் கிழிக்கக் கூடாது.

பல்லைக் கடித்துக்கொண்டு பலகை முன் நின்றிருந்தபோதுதான் அண்ணி படியேறி வந்தார். பசை அண்ணனின் மனைவி. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"டேப்பு, மார்க்கர் எல்லாம் வீட்லயே கெடந்துச்சும்மா. கூட்டம்னு கேள்விப்பட்டேன். குடுத்துட்டுப் போயிடறேன்."

"உக்காருங்க அண்ணி. டீ குடிச்சிட்டுப் போலாம்."

அவர் உட்காரவில்லை. சுவரில் நான் எடுத்து மாட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்தார். கணவரின் கையெழுத்து. ஒரு முறை வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"இதுல யாரு வேணா ஒட்டலாமா?"

"யாரு வேணாலும்."

"கம்ப்யூட்டர் தெரியாதவங்க கூட?"

"உங்களுக்கும் சேத்துத்தான் அண்ணி அதை எழுதியிருக்காரு."

தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். நின்றபடியே எழுதினார்: 'அன்னைக்கு அந்த மணி எதுக்கு அடிச்சது?' மேலாளரின் அட்டைக்கு நேர் பக்கத்தில், அதே நேரத்தில், கூடத்துக்குப் போகும் தாழ்வாரத்திலுள்ள சின்ன அறையில் ஒட்டினார்.

"நேரத்த மாத்திக்கலாம் அண்ணி. அந்தக் கம்பெனி ஆளுங்க எல்லாம் அப்ப அங்க இருப்பாங்க. விடை தெரிஞ்சவங்க அவங்கதான்."

"தெரியும். அவங்க ஆபீஸ்ல மூணு தரம் கேட்டுட்டேன். பெரிய பிரச்சனைம்மா, உங்களுக்குப் புரியாதுன்னாங்க. வர்றவங்க வரட்டும்."

தேநீர் முடிந்தது. சின்ன அறையில் அண்ணியும் நானும் மட்டும். பழைய மானிட்டர்களைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். கூடத்தில் மைக் உறுமியது. டிஷர்ட்டுகள் எங்கள் வாசலைக் கடந்து போயின. சிலர் உள்ளே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். குறட்டை. என் வயதுக்காரன், பசை அண்ணனின் குழுவில் இருந்தவன். அவர் போன பிறகு அவருடைய வேலையும் சேர்ந்து இவன் தலையில் விழ, எங்கே உட்கார்ந்தாலும் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவான். வாசலில் நின்றான். கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

"துரோகி" என்றேன்.

"அப்படிச் சொல்லாதம்மா. சம்பளம் வாங்குற புள்ள."

எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு நிறுவனத்துக்காரர்கள் சிலர் வந்து அமைதியாக உட்கார்ந்தார்கள். அவர்களிடம் விடை இல்லை. அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் 'அர்ப்பணிப்பு' என்ற சொல் ஒலித்தது, கைதட்டல் கேட்டது. செத்தவனுக்குக் கைதட்டுகிறார்கள். எழுந்துபோய் மைக் வயரைப் பிடுங்கலாமா என்று பார்த்தேன்.

அப்போதுதான் குறட்டை வந்தான். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. அண்ணிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றான்.

"என்னப்பா ஒண்ணுமில்ல?"

"அந்த மணி. ஒண்ணுமே இல்லாததுக்கு அடிச்சது. எங்ககிட்ட ஒரு சோதனை சர்வர் இருக்கு. சும்மா போட்டுப் பாக்குறதுக்கு. யாரும் பயன்படுத்தறதில்ல. அதை அமைக்கும்போது அவசரத்துல, நிஜ சர்வரோட அலாரம் பட்டியலை அப்படியே காப்பி பண்ணிட்டோம். பேரக்கூட மாத்தல. அதுல டிஸ்க் நெறஞ்சா, நிஜ சர்வரே விழுந்த மாதிரி போன்ல அடிக்கும். அண்ணனுக்கு வந்ததும் அதுதான். வீட்ல நெட் இருந்திருந்தா பாத்தவுடனே தெரிஞ்சிருக்கும். அங்க போயி செய்ய வேண்டியது எதுவுமே இல்ல."



"அப்ப அவரு போகவே வேண்டியதில்ல" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. டப்பா மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

"இப்ப அது அடிக்கறதில்லல்ல?"

குறட்டை தரையைப் பார்த்தான். "அடிக்குது. போன வாரங்கூட."

"யாரு எந்திரிச்சா?"

"நான்தான்."

"உங்க அம்மா இருக்காங்களாப்பா?"

"இருக்காங்க."

"இப்பவே நிறுத்து அதை."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து, மறுபடியும் அடித்தான். அதற்குள் மேலாளர் வாசலுக்கு வந்துவிட்டார். கூடத்தில் உரை முடிந்ததோ, ஆள் போனதைப் பார்த்து நிறுத்தினாரோ தெரியாது.

"தம்பி, இது கம்பெனி உள்விஷயம். அனுமதி இல்லாம எதுலயும் கைவைக்கக் கூடாது. மேடம், உங்க வருத்தம் புரியுது..."

"சார்," என்றேன், "காலையில பலகை முன்னால கால் விதி சொன்னேனே, ஞாபகம் இருக்கா? பிடிக்கலன்னா கால் இருக்கு, போகலாம். அடுத்தவன் வாய மூடச் சொல்ற விதி இங்க இல்ல."

"திங்கக்கிழமை பேசிக்கறேன்" என்றார், என்னிடமல்ல.

குறட்டை நிமிரவில்லை. திரையில் நீளமான பட்டியல். அதில் ஒரு வரியை அண்ணிக்குக் காட்டினான். "இதுதான் அண்ணி." அவர் குனிந்து பார்த்தார். ஒரு வரி, அவ்வளவுதான். அவன் விசையை அழுத்தியதும் அந்த வரி சாம்பல் நிறமாகி அணைந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இவ்ளோதானா?" என்று மறுபடியும் கேட்டார் அண்ணி.  மேலாளர் வாசலை விட்டுப் போயிருந்தார்.

அடுத்த நேரத்துக்கு அட்டை ஒட்டியிருந்த இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். அண்ணி எழுந்து அவர்களுக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். போகிறேன் என்று சொன்னவர், போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

பேச்சு தொடங்கிச் சிறிது நேரத்தில் மூலையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். வட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் அவன் தோளைத் தட்டப் போனேன்.

"எழுப்பாதம்மா" என்றார் அண்ணி.

பேசிக்கொண்டிருந்த பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.