அண்ணாச்சி பத்திரப்படுத்திய கடைவாய்ப் பல்

காலடிப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தவசிமுத்து அண்ணாச்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுக்கடை யார் திறந்தாலும் முதல் போணி ராசியான கையால் நடக்க வேண்டும். அந்த ராசியான கை அவருடையதுதான். டீக்கடையோ செல்போன் கடையோ, முதல் ஆளாகப் போய் எதையாவது வாங்கிவிட்டுத்தான் வருவார். பிறகு அந்தக் கடை படுத்துவிட்டால், அது முதலாளிக்குச் சாமர்த்தியம் போதாததால்.

மகள் ஜெனி பிலிப்பைன்ஸில் பல் டாக்டருக்குப் படித்து, பயிற்சியும் முடித்து வந்ததும் கடையின் மாடியில் நாற்காலி, விளக்கு எல்லாம் வந்து இறங்கின. பெயர்ப் பலகைகூடத் தயார். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஸ்கிரீனிங் தேர்வில் தேறி, பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் ஒரு வாயைத் தொடலாம். முதல் தடவை நாலு மார்க்கில் கோட்டைவிட்டாள் ஜெனி. இப்போது அந்த நாற்காலியில் அப்பளக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

இரண்டாம் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. விசைப்படகு ஓட்டும் பாஸ்கர் கடலுக்குப் போகச் சாமான் வாங்க வந்தவர், சளி என்று அண்ணாச்சி முகத்தில் சுற்றியிருந்த துண்டை விளையாட்டாக இழுத்துவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, வாயில எலுமிச்சம்பயம் வெச்சிகினு கீற?"

மாடிப்படியில் படித்துக்கொண்டிருந்த ஜெனி ஓடிவந்தாள். வலக்கன்னம் வீங்கிக் கிடந்தது. கிட்டப் போனால் கிராம்பு மணம். மாதக்கணக்கில் இவர் இடப்பக்கமே மென்றதும், முறுக்கைத் தொடாததும் அப்போதுதான் உறைத்தது. பெரிய பல் டாக்டர் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எத்தன நாளாப்பா?"

"நீ மொதத் தடவ பரீட்ச எழுதுறதுக்கு முந்தியே."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதான?"

"போணிக்கு வச்சிருக்கேன் மக்கா. ஒன் ஆஸ்பத்திரியில மொதப் பல்லு எம் பல்லுதான்."

"அதான் டாக்டரு வூட்லயே கீதே," என்றார் பாஸ்கர். "இப்பவே புடுங்க சொல்லு. யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?"

அண்ணாச்சி ஆசையோடு மகளைப் பார்த்தார். ஜெனிக்கும் கை துறுதுறுத்தது. பத்தே நிமிடத்தில் எடுத்துவிடுவாள்.

"பதிவு இல்லாம அப்பா வாயையும் தொடக்கூடாது. கெளம்புங்க, வேற டாக்டர்கிட்ட."

"ராசி போயிருமே மக்கா."

"சீழ் ஏறினா நீங்களே போயிருவீங்கப்பா!"

அவர் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். அண்ணாச்சி அதை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ராயபுரத்து டாக்டர் ஒருவர் பல்லைப் பிடுங்கினார். அதைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார் அண்ணாச்சி.

ஜெனி தேறினாள். பதிவுச் சான்றிதழ் சுவரில் ஏறிய அன்று அப்பளக் கட்டுகள் கீழே இறங்கின. சொத்தைப் பல்லோடு முதல் ஆளாக வந்து நின்றார் பாஸ்கர். அவரைத் தள்ளிவிட்டுப் போய் நாற்காலியில் சாய்ந்து, வாயை ஆவென்று திறந்தார் அண்ணாச்சி.

"எங்க வலிக்குதுப்பா?"

"எங்கயும் வலிக்கல. இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. ஒனக்குப் புடிச்சத எடுத்துக்க மக்கா."

ஜெனி சின்னக் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டுக் குனிந்தாள். கண்ணீரில் ஒரு பல்லும் தெரியவில்லை.