கடையில் இல்லாத செயலி

மருமகள் செய்த செயலி போனில் உள்ள செயலிக் கடையிலேயே இல்லை என்ற செய்தியை, காலை நடைக்குப் போன மாமனார்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து போனை நீட்டினார். "தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சும்மா. வட்டியும் தேடிப் பாத்துட்டான். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்கறான்."

வட்டி அவருடைய நடைத்தோழர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன விஷயம் ஒன்று காதில் விழுந்தால் போதும், நாளுக்கு நாள் பெருக்கிக்கொண்டே போவார். பெயர் அதனால் வந்ததா, வேலையால் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

"அது கடையில இருக்காது மாமா. ஆஸ்பத்திரிக்கு மட்டும் செஞ்சது" என்றாள் மருமகள்.

"கடையில வைக்காம எப்படி விக்கிறது? திருட்டுச் சரக்கா?"

கதை இதுதான். சென்ற வருடம் அவள் கணவன் காலை உடைத்துக்கொண்டபோது, ஊரிலேயே பெரிய அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் சக்கர நாற்காலிக்காகத் தவம் கிடந்தார்கள். அதே நேரத்தில் பின்பக்க நடையில் ஆறேழு நாற்காலிகள் சும்மா தூங்கிக்கொண்டிருந்தன. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு செயலி எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். தள்ளிப் போகிறவர் அந்த வில்லைக்கு நேராகப் போனைக் காட்டினால், நாற்காலி எங்கே போய் நிற்கிறது என்று மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் அதை எல்லாரையும்போலப் பொதுக் கடையில்தான் வைத்தாள். ஆனால் தெருவில் போகிறவருக்கு எங்கே சக்கர நாற்காலி தொலைகிறது? போனில் இறக்கிக்கொண்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். சித்தி ஒருத்தி ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'கலர் ரொம்ப நல்லா இருக்குடி' என்று எழுதியிருந்தாள்.

பிறகுதான் நேராக ஆஸ்பத்திரிக்கே போனாள். கொள்முதல் அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க நர்ஸ் ஒவ்வொருத்தரும் தன் கைக்காசைப் போட்டு வாங்கணுமா?" என்றார்.

"வேண்டாம் சார். ஆஸ்பத்திரியே மொத்தமா வாங்கிடலாம். உங்க கம்ப்யூட்டர் ரூம்ல இருந்தே எல்லா போன்லயும் ஏத்திடுவாங்க. ஒருத்தர் வேலையை விட்டுப் போனா, அவரோட உரிமத்தை எடுத்து அடுத்தவருக்குக் குடுக்கலாம்."

"எங்க பேரு, எங்க சின்னம் போட்டு வரணும். வார்டு வரைபடம் வெளியாள் கண்ணுல படக் கூடாது."

"அப்ப உங்களுக்கு மட்டும்னு தனியா ஒண்ணு தரேன். கடைக்காரங்க சரிபார்ப்பாங்க, ஆனா காட்சிக்கு வைக்க மாட்டாங்க. உங்களைத் தவிர யார் தேடினாலும் கிடைக்காது."

யார் தேடினாலும் என்பதில் தன் மாமனாரும் அடக்கம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமனார் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப நீ செஞ்சதுக்கு என்னம்மா சாட்சி?"

"அப்பா, வட்டி மாமா நம்பணும்னு ஆஸ்பத்திரி வரைபடத்தை ஊருக்கெல்லாம் காட்ட முடியுமா?" என்று மகன் குறுக்கே விழுந்தான். மாமனார் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடிக்கொண்டால் அது நல்லதற்கில்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோதனை ஓட்டம் முடிகிற நேரம். தலைமை நர்ஸ் சரி என்று சொன்னால் ஒப்பந்தம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கணினி அறைப் பெரிய திரையில், ஆள் உள்ள நாற்காலிகள் சிவப்புப் புள்ளியாகவும் காலி நாற்காலிகள் பச்சையாகவும் தெரிந்தன. அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலிலிருந்து நாற்காலி வேண்டும் என்று போன் வந்தது.

"எக்ஸ்-ரே கதவுகிட்ட ஒண்ணு பச்சையா நிக்குதே. அதைக் கொண்டுபோகச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் கொள்முதல் அதிகாரி, கண்ணில் ஒரு சவாலோடு. வார்டு ஊழியர் ஒருவர் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் நடையிலிருந்து பெரிய சத்தம் கிளம்பியது.

"காலியா? யாரைப் பாத்துக் காலிங்கற? நான் உனக்கு ஆளாத் தெரியலையா?"

அந்தக் குரல் மருமகளுக்குத் தெரியும். தினமும் காலையில் அவள் கேட்கிற குரல்.

ஓடிப் போய்ப் பார்த்தால், மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து அதன் இரண்டு கைப்பிடியையும் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தார். எதிரே ஊழியர் போனை நீட்டிக்கொண்டு, "நான் என்ன பண்ண ஐயா, இதுல காலின்னுதான் வருது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸும் வந்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை ஐயா?"

"முட்டி வலி."

"எந்த முட்டி?"

மாமனார் வலது முட்டியைத் தடவினார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இடதையும் தடவினார். அப்போதுதான் மருமகளைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் துள்ளி எழுந்து இரண்டு காலிலும் திடமாக நின்றார்.

"மாமா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நீ செஞ்சதைக் கண்ணால பாக்கலாம்னு வந்தேம்மா. பாத்தா, அது என்னையே இல்லைன்னுடுச்சு!"

தவறு எங்கே என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அரை மணி நேரம் நகராமல் நிற்கும் நாற்காலியைக் காலி என்று எடுத்துக்கொள்ளும்படி அவளேதான் எழுதியிருந்தாள். சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"அரை மணியா?" தலைமை நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எக்ஸ்-ரே வாசல்லயா? அம்மா, நீ எங்க ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லையா?"

வந்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் காத்திருந்தது நாற்காலிக்காக. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்ததில்லை.

கொள்முதல் அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "இவரைச் சோதனைக்குன்னு நீங்களே அனுப்பினீங்களா?"

"பின்ன?" மாமனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சோதிச்சுப் பாக்காம சரக்கை விக்கிற குடும்பம் இல்லை சார் நாங்க."

"இல்லை சார். எனக்குத் தெரியாது. இவரா வந்தாரு" என்றாள் மருமகள். "ஆள் இறங்கிட்டாருன்னு ஒருத்தர் அழுத்தினாத்தான் இனிமே பச்சையாகும். இன்னைக்கே மாத்திடறேன்."

தலைமை நர்ஸுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்திக் குடு. காலையில வாசல்ல நாற்காலிக்கு நடக்கிற சண்டை இப்பப் பாதியாக் குறைஞ்சிருக்கு. எனக்கு இது வேணும்" என்றார். கொள்முதல் அதிகாரி மறு பேச்சுப் பேசவில்லை. திருத்திய பதிப்பு சரிபார்ப்பு முடிந்து வந்ததும், கணினி அறையிலிருந்து எல்லாப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

அந்தச் சண்டை நடந்த அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது மாமனார் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கோவமா மாமா?"

"கோவமெல்லாம் இல்லை. நாற்காலியை எடுக்க வந்த அந்தப் பையன் சொன்னான், முன்னெல்லாம் ஒரு நாற்காலிக்கு மூணு மாடி ஏறி எறங்குவானாம். இப்ப கால் வலி இல்லையாம்." ஜன்னலை விட்டுத் திரும்பி, "நல்ல வேலைதாம்மா செஞ்சிருக்க" என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் பூங்காவில் அவர் பேச்சே வேறு. "தேடினா கிடைக்கிறதுக்கு அது என்ன சில்லறைச் சரக்கா? நிறுவனங்களுக்கு மட்டும்தான்" என்று வட்டியின் வாயை அடைத்தார். ஆனால் வட்டியின் வாய் அடைபடுகிற வாயா? இரண்டு சுற்றுக்குள் அதை அரசாங்க ரகசியம் என்ற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதைக் கேட்டு ஒருநாள் புதியவர் ஒருவர் வீடு தேடி வந்தார். ஏதோ கல்லூரியில் செயலாளராம். கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க காலேஜ்ல ப்ரொஜெக்டர் எல்லாம் வகுப்பு விட்டு வகுப்பு போய்க் காணாமப் போகுதும்மா. யாருக்கும் தெரியாத மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எந்தெந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள். பக்கத்து அறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"அதெல்லாம் அப்புறம். வாங்கறதுக்குக் கையெழுத்துப் போடறது யாருன்னு முதல்ல கேளும்மா!"