தூக்கவேண்டிய கை

"அண்ணா, நீங்கள் மேடைக்கு நேர முன்னுக்கு நில்லுங்கோ. நான் பாடேக்க சுருதி விலகினா உடன கையைத் தூக்குங்கோ. நான் நிப்பாட்டிப்போடுவன்."

மேடைக்குப் பின்னால் வைத்துத்தான் சிவாஜினி இதைச் சொன்னாள். என் தங்கைக்கு இடக்காது போய் ஒரு வருஷமாகிறது. இப்போது வலக்காதும் அடைக்கத் தொடங்கியிருந்தது. எனக்கும் ஒரு டொக்டருக்கும் மட்டும்தான் இது தெரியும். நாற்பது தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், திருகோணமலையில் றொக் பாடுகிறாள் என்றால் ஊர் ஏற்கெனவே ஒரு மாதிரித்தான் பார்க்கும். காதும் கேளாது என்று தெரிந்தால் பரிதாபப்படத் தொடங்கிவிடும். பழைய பார்வையே பரவாயில்லை என்பது அவளுடைய எண்ணம்.

"ட்றம்ஸ் அடிக்கிற றுவைஸிட்டச் சொல்லன். அவனுக்கு என்னைவிடச் சங்கீதம் தெரியும்."

"றுவைஸ் பாவம் பாப்பான். நீங்கள்தான் ஒருத்தரையும் பாவம் பாக்கிறேல்லையே. ஊரில ஆற்ற பொன்னாடையை நீங்கள் பத்திரிகையில கிழிக்காம விட்டனீங்கள்?"

"சரி, விலகினா?"

"விலகினா இண்டையோட பாட்டை விடுறன். கிற்றார் மட்டும் வாசிப்பன். பிழையாப் பாடுறது தெரியாமலே சனத்துக்கு முன்னால நிக்க எனக்கு ஏலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் தலையாட்டும்வரை என் கையை விடவில்லை.

'றொக் இசை இரவு' என்று பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். என்றாலும் நம்மூரில் மங்கள விளக்கு ஏற்றாமல் எந்தச் சத்தமும் வெளியே வராது. ஐந்து திரி, ஐந்து பிரமுகர்கள். துறைமுகக் காற்றுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. இரண்டாமவர் ஏற்றும்போது முதலாமவருடையது அணைந்தது. அவர் விடவில்லை, திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்.

பிறகு பிரதம அதிதி, கலைச்செம்மல் ஞானசேகரம். அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர். றொக் இசை நம்மிடமிருந்து களவு போன கதையை ஆதிமனிதனிலிருந்து தொடங்கினார். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. மேடை ஓரத்தில் சிவாஜினி வலக்காதைச் சாய்த்து, ஒரு சொல்லாவது பிடிபடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு கூட்டத்தில் அந்தப் பேச்சைக் கேட்க ஆசைப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஒருவழியாக றுவைஸ் முதல் அடியைப் போட்டான். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முதல் பாட்டில் அவளுடைய குரல் கம்பி இழுத்த மாதிரி நேராகப் போனது. பெடியள் துள்ளினார்கள். கப்பல்துறையிலிருந்து வந்த ஒரு கூட்டம் சேர்ட்டைக் கழற்றிச் சுழற்றியது. நான்கூட ஆடினேன் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதை நான் மறுக்கிறேன்.

இரண்டாவது, அவளே எழுதிய பாட்டு. இரண்டாம் சரணத்தில் சுருதி ஒரு மயிரளவு இறங்கியது. எனக்குப் பாட வராது, ஆனால் பிழையாகப் பாடினால் பல் கூசும். கூசியது. கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து இறுக்கிப் பொத்தினேன். ஒருத்தருக்கும் விளங்கவில்லையே, நான் ஏன் குழப்புவான் என்று ஒரு நியாயம் வந்தது. இப்படி நியாயம் சொல்கிறவர்களைத்தான் நான் வாராவாரம் பத்திரிகையில் நாறடிக்கிறேன்.

மூன்றாம் சரணத்தில் குரல் ஒரு பக்கமும் கிற்றார் ஒரு பக்கமுமாகப் போயின. றுவைஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவள் பார்த்தது என்னை.

கையைத் தூக்கினேன்.

பக்கத்தில் நின்ற பிள்ளையும் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர், பிறகு மைதானம் முழுக்கக் கைகள். முன்வரிசைச் சோபாவிலிருந்து எழும்பிய கலைச்செம்மல் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வதித்தார். அத்தனை கைகளுக்குள்ளும் அவள் கண் என் கையில்தான் நின்றது. வரியின் நடுவில் வாயை மூடினாள். மைக்கை விட்டு ஓரடி பின்னால் போய், மிச்சப் பாட்டைக் கிற்றாரில் வாசித்து முடித்தாள். சனம் ஆர்ப்பரித்தது. ஞானசேகரம் பொன்னாடை போர்த்தினார். இறங்கும்போது அவள் தன்னுடைய சொந்த மைக்கை றுவைஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஓட்டோவில் வழக்கம்போல அவளுடைய வலப்பக்கத்தில் நான் இருந்தேன். கேட்கிற காது அந்தப் பக்கம்.

"எந்த இடத்தில இருந்து சுருதி விலகினது?"

"ரெண்டாம் சரணம்." அவசரத்தில் உண்மை வந்துவிட்டது.

"நீங்கள் மூண்டாவதிலதானே கையைத் தூக்கினீங்கள்?"

"ஓம்."

"ஒரு சரணம் முழுக்க என்னை அப்பிடியே பாட விட்டீங்கள்?"

"பாவமா இருந்தது, சிவா."

"அப்ப நான் றுவைஸிட்டயே சொல்லியிருப்பன்."

ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். தானும் இறங்கி, என்னையும் இறங்க வைத்து, முதலில் தான் ஏறி வலப்பக்க மூலைக்குப் போய் இருந்தாள். பிறகு நான் ஏறினேன். இப்போது என் பக்கம் அவளுடைய இடக்காது.

வீடு வரும்வரை நான் கதைத்துக்கொண்டே வந்தேன்.