மல்லாட்டாலஜி

திண்டிவனத்துப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பில், ஆங்கில ஆசிரியை ஜினமதி கிரேக்க மொழியிலிருந்து வந்த ‘லஜி’ என்னும் விகுதியைக் கரும்பலகையில் எழுதினார். ஒன்றைப் பற்றிய படிப்பு என்று அதற்குப் பொருளும் கூறினார்.

“பயாலஜி, ஜியாலஜி மாதிரி இன்னொண்ணு சொல்லுங்க பார்க்கலாம்.”

ஒலக்கூர் கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த நாள் முதல் வாய் திறவாத கலைப்பிரியா எழுந்து நின்றாள்.

“மல்லாட்டாலஜிங்க மிஸ்.”

வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள்; வகுப்பு கொல்லென்று சிரித்தது. “இன்னாடி, வறுத்ததா, அவிச்சதா?” என்று பக்கத்திலிருந்த சுஷ்மா வம்புக்கிழுத்தாள். கலைப்பிரியாவின் கண்கள் கலங்கின. இப்போது உட்கார்ந்துவிட்டால் இந்தப் பெண் இனி எழுந்திருக்கவே மாட்டாள் என்று ஜினமதிக்குப் பட்டது.

அவர் அந்தச் சொல்லைப் பலகையில் நிறுத்தி எழுதினார்.

“கிரேக்கக்காரங்களுக்கு மல்லாட்டை தெரியாது. அதனால இதை நீ உண்டாக்க வேண்டியதாப் போச்சு. சரி, இந்தப் படிப்புல முதல் பாடம் என்ன?”

“மண்ணுங்க மிஸ்” என்று அவள் மெல்லத் தொடங்கினாள். “பூ மேலதான் பூக்கும். அப்புறம் காம்பு கீழ எறங்கி, மண்ணுக்குள்ள போய்த்தான் காய் புடிக்கும்.”

மணி அடித்த பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். சுஷ்மா எழுந்து போகாமல், “அப்பறம் இன்னாடி ஆவும்?” என்று கேட்டாள்.