கள்ளிமுளையானுக்கு ஒரு பிளேட்

பொன்னுத்தாய் ஒரு கொட்டாங்கச்சியை நீட்டி, "உங்களுக்குன்னு அரைச்சு வெச்சிருக்கேன் சாமி" என்றபோது, சௌரிராஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளில் கேமராப் பெட்டி, கையில் முக்காலி. வையம்பட்டி ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்திருந்தார். கொட்டாங்கச்சிக்குள் பச்சையாக, எண்ணெய் மினுமினுக்க ஒரு துவையல் இருந்தது.

"என்னது இது?"

"கள்ளிமுளையான்தான். போன மாசம் வந்தப்ப வேணும்னு சொன்னீங்களே. கண்டவன் ஆடெல்லாம் இந்தப் பக்கம் வருது. விட்டா ஒண்ணும் மிஞ்சாதுன்னு விடியக்காலமே கிள்ளிட்டேன்."

அந்தச் செடியைப் பூவோடு படம் பிடிக்கத்தானே மனுஷர் இத்தனை தூரம் வந்திருக்கிறார்!

சௌரிராஜன் திருச்சி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. ஆறு நாள் ஃபைல். ஏழாம் நாள் காட்டுச் செடி. பதினோரு வருஷமாக இதே பைத்தியம். வேலியோரத்தில் எவனும் திரும்பிப் பார்க்காத ஒரு பூவுக்கு முன்னால் மண்டியிட்டு, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அரைமணி கிடப்பார். அன்றைக்குப் பங்குனி உத்திரம் வேறு. பெருமாளும் தாயாரும் வருஷத்துக்கு ஒரே நாள் சேர்ந்து சேவை சாதிக்கும் நாள். "ஊரெல்லாம் சேர்த்தி சேவிக்கப் போறது, எங்காத்துக்காரர் கள்ளியைச் சேவிக்கப் போறார்" என்று மனைவி வத்ஸலா அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படியே சொல்லி, தயிர்சாதத்தைக் கட்டிக் கொடுத்தாள். இப்படியே கேட்டுக் கேட்டு, எதற்காகப் போகிறோம் என்று யாரிடமும் சொல்லாத வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. போன மாசம் பொன்னுத்தாயிடமும் அப்படித்தான். கேமரா இல்லாமல் சும்மா சுற்ற வந்தவர், முள்புதரடியில் இந்தச் செடியைக் கண்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவளிடம், "இது எனக்கு வேணும், பங்குனி உத்திரத்தன்னிக்கு வரேன், ஆடு வாய் வெக்காம பாத்துக்கோங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேணும் என்றால் எதற்கு? அந்தச் சீமையில் கள்ளிமுளையான் வேணும் என்று ஒருவர் கேட்டால் துவையலுக்குத்தான். அவள்மேல் என்ன தப்பு?

சென்னையில் ஒரு புரொபசர் நம் பக்கத்துச் செடிகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார். சித்திரை முதல் தேதிக்குள் கள்ளிமுளையான் பூத்த படம் வந்தால், கீழே சௌரிராஜன் பெயரோடு அச்சாகும். இல்லாவிட்டால் படமே கிடையாது. செடியைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார். யுத்தகாலம், படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட் சீமையிலிருந்து வருவது நின்றுபோயிற்று. மலைக்கோட்டைக் கடைவீதியில் கலீல் பாய் அலமாரியைக் குடைந்து கடைசி ஒன்றை எடுத்துத் தந்திருந்தார். அது பெட்டிக்குள் இருக்கிறது. செடி கொட்டாங்கச்சிக்குள் இருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்து அவள் முகமும் சுருங்கியது. "சாமி எங்க கையால சாப்பிட மாட்டீங்கதான். இலையில கட்டித் தரலாம்னுதான் இருந்தேன்" என்றாள்.

அந்தக் குரல் அவரை என்னமோ செய்தது. வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர், விரலால் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தார். புளிப்பு, உறைப்பு, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. நன்றாகவே இருந்தது. பதினோரு வருஷம் கண்ணாடி வழியே பார்த்த செடிகளில் ஒன்றையாவது இவர் நாக்கு அறிந்ததுண்டா? இன்னொரு விரல் எடுத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, படம் பிடிக்க வந்ததை முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"பூ விட்டதா வேணுமா, விடாததா?"

"பூ விட்டது."

"பாறைக்கு அந்தாண்ட சங்கஞ்செடி முள்ளுக்குள்ள ஒரு குத்து இருக்கு. அதை யாரும் கிள்ள மாட்டோம், விதைக்கு விட்டது. வாங்க."

வழியெல்லாம் பங்குனி. ஊர்க்கோடி இலுப்பைகள் பூ உதிர்த்திருந்தன. வேம்பின் வாசம் காற்றோடு வந்து வந்து போயிற்று. இலையே இல்லாத புரசு மரமொன்று உச்சிவெயிலில் சிவப்பாகப் பூத்து நின்றது. அதைப் பார்த்து நின்றுவிட்டவரை அவள் அவசரப்படுத்தவில்லை. அவளும் நின்று பார்த்தாள்.

பாறைக்குப் பின்னால் முள்கிளையை அவள் விலக்கியதும், அடடா! விரல் தடிமனில் நாலு பட்டைத் தண்டுகள், இலை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் பந்து பந்தாகக் கருஞ்சிவப்புப் பூ. ஒவ்வொரு பூவும் ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் மஞ்சள் வரிகள். கிட்டப் போனால் அழுகல் நாற்றம், ஈ மொய்க்கிறது. இப்படி ஒரு அழகை நாற்றத்துக்குள் வைத்துப் பூட்டியவனை நினைத்து அவர் மனசுக்குள் கை கூப்பினார். சேர்த்தி சேவிக்காத குறையும் தீர்ந்தது.

முக்காலியை நிறுத்தி, துணிக்குள் புகுந்தார். கேமராவின் பின்பக்கப் பால்கண்ணாடியில் செடி தலைகீழாகத் தொங்கியது. ஆனால் பொன்னுத்தாய் கிளையை விட்டதும் முள் மறைத்தது. பிடித்தால் அவள் கை படத்தில் விழுகிறது. கட்டக் கயிறு இல்லை. ஒடிக்கலாமா என்று கேட்டதற்கு, "இந்த முள்ளு இருக்கங்காட்டிதான் ஆடு வாய் வெக்கல சாமி" என்றாள்.

இருப்பது ஒரே பிளேட். புரொபசரின் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் மறுபடியும் துணிக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். தலைகீழ்க் கண்ணாடியில் அவள் கை கீழிருந்து மேலே ஏறியிருந்தது. நகக்கண்களில் துவையலின் பச்சை இன்னும் போகவில்லை. கை இல்லாமல் அந்தப் பூ இல்லை, இது உண்மைதானே என்று நினைத்தார்.

"அப்படியே பிடிச்சுக்கோங்கோ. அசையப்படாது" என்று சொல்லி, பிளேட்டைச் செருகினார்.

அடித்த காற்றுக்கு அவள் இன்னொரு கையால் முந்தானையை விரித்துப் பிடித்தாள். பூப்பந்து ஆடுவது நின்றது. சௌரிராஜன் லென்ஸின் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினார். ஒண்ணு. முள் ஒன்று அவள் ஆள்காட்டி விரலில் ஏறி, குன்றிமணி அளவுக்கு ரத்தம் துளிர்த்தது. ரெண்டு. ஒரு ஈ வந்து நட்சத்திரத்தின் நடுவில் உட்கார்ந்தது. கையும் அசையவில்லை, ஈயும் அசையவில்லை.