பந்தியில் விட்டுப்போன ஆள்

உளி அவருடையது, உப்புத்தாள் என்னுடையது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு. என் வீட்டுக்காரர் முருகையன் மரத்தில் உருவம் செதுக்குவார். நான் தேய்த்து வழவழப்பாக்கி வார்னிஷ் அடிப்பேன். ஆக, எந்த வேலையும் முடிகிற இடம் நான்தான். இதை யாரும் சொன்னதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

1996-இல் திருவண்ணாமலையில் புது லாட்ஜ் கட்டிய அருணகிரி, வரவேற்பு ஹாலுக்கு ஒரு சிற்பம் கேட்டார். சாமி வேண்டாமாம். ரூம் கிடைக்காமல் காத்திருக்கிறவன் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். கல்யாணப் பந்தி செய்கிறேன் என்று இவர் ஒப்புக்கொண்டு வந்தார். நாலடி நீள வாகைப் பலகையில் இருபத்தொரு ஆட்கள். மூன்று மாசம் கொட்டகையில் கோணி போட்டு மூடி வைத்துச் செதுக்கினார். நான் எட்டிப் பார்த்தால் கை ஓடாதாம்.

பௌர்ணமியன்று லாட்ஜ் திறப்பு. அதற்கு இரண்டு நாள் முன்னால், விடிந்ததும் பலகையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். நாளைக்கு வண்டி வரும், இன்றைக்கே முடித்துவிடு என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

முதலில் நானும் சிரித்தேன். ஒருத்தர் வடையைத் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். பல் போன ஒருத்தர் அப்பளத்தோடு மல்லுக்கட்டினார். இன்னொருத்தர் இலையைவிட்டு ஓடுகிற ரசத்துக்கு இரண்டு கையாலும் அணை கட்டிக்கொண்டிருந்தார். நாய் ஒன்று யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு மீசைக்காரர் இலையை மூடிவிட்டு எழுந்து, விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அந்த மீசை எனக்குத் தெரிந்த மீசை. இவருடைய மாமன் கண்ணாயிரம்.

அவருக்கு எதிரே வேட்டி நழுவ, வாயைப் பிளந்தபடி, சோறு இல்லாத அன்னக்கூடையைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு நிற்கிறவர் என் அப்பா.

உப்புத்தாளைக் கீழே வைத்தேன். இது எங்கள் கல்யாணத்துப் பந்தி. மாப்பிள்ளை அழைப்பு அன்று, இருநூறு பேர் வருவோம் என்று சொன்னவர்கள் நானூறு பேர் வந்து இறங்கினார்கள். மூன்றாவது பந்தியில் சோறு தீர்ந்துபோனது. சோறு போட வக்கில்லாத வீட்டில் பெண் எடுத்தோமே என்று கண்ணாயிரம் கத்தினார். அப்பா வெறுங்கூடையை எல்லோருக்கும் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, இதோ உலை வைத்தாகிவிட்டது என்று கெஞ்சினார். பெண்ணை உட்கார வைத்திருந்த அறையின் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தசரதன் பௌர்ணமி தவறாமல் ஊரிலிருந்து மலை சுற்ற வருகிறவர். இந்தத் தடவை மாப்பிள்ளை செய்த சிற்பத்தையும் பார்க்கணும் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். ஊரே நின்று சிரிக்கிற இடத்தில் அவரும் வந்து நிற்பார்.

மற்ற இருபது பேரையும் தேய்த்து முடித்தேன். அப்பாவைத் தொடவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். முரட்டு உப்புத்தாள் பத்து நிமிஷம் போதும், முகம் இருந்த இடம் தெரியாது. கட்டைவிரலை அப்பாவின் மூக்கில் வைத்தேன். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த அதே மூக்கு. இத்தனை நுணுக்கமாகப் பார்த்துவிட்டு இப்படிச் செய்திருக்கிறாரே என்று ஆத்திரம் இன்னும் ஏறியது.

மத்தியானம் இவர் வந்ததும் அப்பாவை எடுத்துவிடச் சொன்னேன். அந்த ஆள்தான் பந்திக்கே உயிர், எடுத்தால் ஓட்டைதான் இருக்கும் என்றார். பதினோரு வருஷம் ஆச்சு, இப்போது எல்லோரும் சிரிக்கிற விஷயம்தானே என்றார். யார் சிரிக்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான் சிரிக்கிறார்கள்.

பலகையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தேன். அன்றைக்கு அந்த வரிசையின் தலைமாட்டில் மாலையும் கழுத்துமாக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் தண்ணீர் டிரம் என்று வைத்துக்கொள்ளச் செதுக்காமல் விட்ட வெறும் கட்டைதான் இருந்தது.

"எல்லாரும் இருக்காங்க. நீங்க எங்க?" என்றேன்.

மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்றார்.

"எங்கப்பா கும்புட்டுக்கினு நின்னப்ப நீங்க தலையத் தூக்கல. சோத்தப் பெசஞ்சிக்கினு இருந்தீங்க. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

இத்தனை வருஷத்தில் இதை நான் சொன்னதே இல்லை. அவர் முகம் செத்துவிட்டது. தோட்டத்துப் பக்கம் போனார், வந்தார், மறுபடியும் போனார். பிறகு உளியையும் அதை அடிக்கிற கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை பந்திக்கு வந்துவிட்டார். கழுத்தில் மாலை, இரண்டு கன்னமும் உப்பச் சோறு, கண் இலையைவிட்டு நகரவில்லை. பார்த்தவுடன் சிரிப்பு வருகிற முகம். அந்தக் கன்னத்தைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். எனக்குப் பெரிய திருப்தி, பொய் சொல்வானேன். அதற்குப் பிறகு அப்பாவையும் மெல்லத் தேய்த்து வார்னிஷ் அடித்தேன்.

பௌர்ணமியன்று அப்பா வந்தார். மூன்று பேரும் லாட்ஜுக்குப் போனோம். சுற்றிலும் சிரிப்புச் சத்தம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன்னைக் கண்டுபிடித்தார். வேட்டி இவ்வளவு மோசமாகவா நழுவியது என்று மட்டும் கேட்டுவிட்டு, விரலைப் பந்தியின் கோடிக்கு நகர்த்தினார். அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

"இது நீங்களா மாப்ள?"

"ஆமாங்க மாமா. அன்னைக்கு நான் எழுந்து ரெண்டு வார்த்த பேசியிருக்கணும்."

"எழுந்துடப் போறீங்களேன்னுதான் எனக்கு ஒரே பயம்," என்றார் அப்பா. "தாலி கட்டல. மாப்ள பாதி எலையில எழுந்துட்டா அப்புறம் கல்யாணம் ஏது? கூடையக் கையில வெச்சிக்கினு உங்களத்தான் பாத்துக்கினே இருந்தேன். யார் கத்தியும் நீங்க அசையாம சாப்டுக்கினு இருந்தீங்க. அதுதான் எனக்குத் தைரியம்."

சொல்லிவிட்டு, மரத்து மாப்பிள்ளையின் தலையை ஒருதரம் தடவினார். பதினோரு வருஷமாக நான் கோபத்தோடு பார்த்ததை அவர் நன்றியோடு பார்த்திருக்கிறார்.

மலை சுற்றிக்கொண்டே அடி அண்ணாமலைக்கு நடந்தோம். கூட்டத்தில் அப்பா பத்தடி முன்னால் போனார். நான் இவர் பக்கத்தில் வந்து, வேண்டுமென்றுதான் எழுந்திருக்கவில்லையா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன்.

முன்னால் போகிற அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"இல்ல செல்வி. கண்ணாயிரம் மாமன் போட்ட சத்தத்துல பயந்துட்டேன். தலையத் தூக்கவே பயமா இருந்துச்சு."

முன்னால் அப்பா நின்று, எங்கே காணோம் என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். இதோ வருகிறோம் என்று கையைக் காட்டினேன்.

"அத அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றேன்.