சூலக்கரையில் சொன்ன சொல்

சின்னத்தாய்க்கு அந்த வார்டுச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தீக்காயச் சிகிச்சைப் பிரிவைக் கட்டிக் கொடுத்தவர் லட்சுமிகாந்தம் என்று கருப்புக் கல்லில் பொன்னெழுத்தில் வெட்டியிருந்தது. அவருடைய பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்துத்தான் அவள் புருசன் மாரிக்கண்ணன் இரண்டு கையும் வெந்து உள்ளே கிடந்தான்.

"அவரு மட்டும் இதைக் கட்டலைன்னா, மதுரைக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள உசுரு போயிருக்கும். மகராசன்!" என்றாள் துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி. அவள் மகள் படித்த காலேஜும் அவர் கட்டியதுதான். திருத்தங்கலில் பாதிப் பேருக்கு அவர் சாமி.

சின்னத்தாய்க்கும் அது தெரியும். உசுர் தப்பியது நிஜம்தான். ஆனால் மேனேஜர் கதிரவன் வேறொன்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாரிக்கண்ணன் பேச்சைக் கேட்காமல், சூட்டில் வெடிக்கும் என்று தெரிந்தும் உச்சி வெயிலில் மருந்து கலந்தானாம். கூட நின்ற செல்லப்பாண்டி செத்ததும் அவனால்தானாம். செல்லப்பாண்டியின் பெண்சாதி அதை நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

"வெயில் ஏறிருச்சு, வேணாம்னு சொன்னேன் புள்ள. ஆர்டர் நிக்குது, கலக்குன்னாரு மேனேஜர்" என்று மாரிக்கண்ணன் அழுதான். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைக்கக்கூட அவனால் முடியவில்லை. அவள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். புருசனுக்காகப் பேச அவளே பஸ் ஏறிப் போனாள். கதிரவன் மனப்பாடம் செய்ததுபோல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். அவள் எழுந்தாள்.

"என் வீட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்லைய்யா..."

கதிரவனைக் கை காட்டினாள். "வேணாம்னவரை இவருதான் கலக்கச் சொன்னாரு."

பின்வரிசையில் வக்கீலோடு உட்கார்ந்திருந்த லட்சுமிகாந்தம் எழுந்தார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்தக் கையை விலக்கினார்.

"அந்தம்மா சொல்றதுதான் நெசம். லோடு அன்னைக்கே போகணும், மத்தியானமும் வேலை நடக்கட்டும்னு போன்ல சொன்னது நான். மேனேஜர் அதைத்தான் அங்கன சொன்னாரு. மாரிக்கண்ணன் வேணாம்னுதான் சொல்லியிருக்கான். தப்பு என்னோடது."

"இதை எழுதிக்கிட்டா உங்க மேல கேஸ் வரும், தெரியும்ல?" என்றார் அதிகாரி.

"எழுதிக்கோங்க."

சின்னத்தாய் அவர் பக்கம் திரும்பினாள். அவர் காலேஜ் கட்டியபோதும் ஆஸ்பத்திரி கட்டியபோதும் ஊரே மாலை போட்டது. அவளுக்கு அதெல்லாம் பணக்காரர் காரியமாகத்தான் பட்டது. இப்போது அந்த மனுசனைப் பார்த்து அவள் கை தானாகக் கும்பிட்டது.

அவரைக் கைது செய்தார்கள். லைசென்ஸ் நின்றது. கம்பெனி மூடியதில் சீசன் வேலை போனவர்கள் அவரை ஏசினார்கள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று முத்துப்பேச்சியே நொந்துகொண்டாள். ஆனால் செல்லப்பாண்டியின் பெண்சாதி வார்டுக்கு வந்தாள். மாரிக்கண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கடைசியா எங்க வீட்டுக்காரரு என்ன பேசுனாரு அண்ணே?" என்று கேட்டு, வெகுநேரம் அழுதாள்.

ஜாமீனில் வந்த லட்சுமிகாந்தம் ஒருநாள் காலையில் வார்டு வாசலில் நின்றார். ஆள் இளைத்திருந்தார். உள்ளே வரத் தயங்கினார். சின்னத்தாயின் கோபம் முழுசாக ஆறியிருக்கவில்லை. புருசனின் கையைப் பார்க்கும்போதெல்லாம் அது திரும்பி வந்தது. ஆனாலும், "வாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"செல்லப்பாண்டி வீட்டுக்குப் போனீகளா மொதலாளி?" என்று கேட்டான் மாரிக்கண்ணன்.

"அங்கன இருந்துதான் வாரேன். கதவைத் தெறக்கலை."

"நாளைக்கும் போங்க."

"போறேன் மாரி."

சின்னத்தாய் பிளாஸ்கைத் திறந்து, டம்ளரில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.